காட்டுப் பறவையை அளப்பது எப்படி, எதற்கு? பொதிகை அடிவாரத்துக் கேள்விகளும் பதில்களும்

பறவை ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்குக் களத்தில் கூடமாட ஒத்தாசை செய்கிறவன் நான். அதனால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. விலங்கியல் படிக்கிற பிள்ளைகள், ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள், பெரிய லென்ஸ் மாட்டிய கேமராக்காரர்கள், மாஞ்சோலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஆட்கள் மாறுவார்கள். கேள்வி மட்டும் மாறாது. அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லாமல் இருக்கவே எண் போட்டிருக்கிறேன்.

1. "புத்தகத்துலயே 20 சென்டிமீட்டர்னு போட்டிருக்கே அண்ணாச்சி, பெறவு எதுக்குப் பிடிச்சு அளக்கணும்?"

செம்மீசைச் சின்னான் என்ற புல்புல் பறவைக்குப் புத்தகம் சொல்லும் 20 செ.மீ., அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை உள்ள நீளம். பறவையை மல்லாக்கக் கிடத்தி எடுப்பது. கழுத்தை எவ்வளவு நீட்டினோம் என்பதைப் பொறுத்து ஒரு சென்டிமீட்டர் கூடும், குறையும். மைனா அளவா, சிட்டுக்குருவி அளவா என்று காட்டில் நின்று முடிவு செய்ய அது தாராளமாகப் போதும்.

நாங்கள் தேடுவது ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டை. ஆணுக்கும் பெண்ணுக்கும், குஞ்சுக்கும் பெரியதுக்கும், அடிவாரத்துப் பறவைக்கும் மலை உச்சிப் பறவைக்கும், அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் இடையே என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி. அந்த வித்தியாசம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். அதற்குப் புத்தக நீளம் உதவாது.

2. "சரி, எதை எதை அளப்பீங்க?"

இறக்கை, வால், கால், அலகு, எடை. இந்த ஐந்தும் எல்லா நாட்டிலும் பொது. இறக்கைக்கு நுனியில் தடுப்பு வைத்த உலோக ஸ்கேல், காலுக்கும் அலகுக்கும் வெர்னியர் காலிப்பர், எடைக்கு ஸ்பிரிங் தராசு அல்லது கையடக்க டிஜிட்டல் தராசு. ஒரு துணிப்பை, ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம்; மலைமேல் ஊத்து, நாலுமுக்குப் பக்கம் மழையில் மை நிற்காது.

அளவுகளோடு எழுதவேண்டியவையும் உண்டு: தேதி, நேரம், உயரம், இறகு புதியதா தேய்ந்ததா, இறகு உதிர்ந்து முளைக்கும் பருவமா, அளந்தவர் பெயர். மாணவர்கள் முதலில் விட்டுவிடுவது கடைசியாகச் சொன்ன பெயரைத்தான். அது ஏன் முக்கியம் என்பது 10-ல் வருகிறது.

3. "எறக்கையை ஸ்கேல் வச்சு அளக்கதுல என்ன பெரிய வித்தை?"

பறவை இடது கையில் இருக்கும். அதன் முதுகு உள்ளங்கையில், கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே. பிடியில் நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது; நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. இறக்கை மடங்கியபடி உடம்போடு ஒட்டி இருக்க, ஸ்கேலை அடியில் மெல்ல நுழைக்கவேண்டும். இறக்கையின் முன்பக்க மடிப்பு, அதாவது பறவையின் மணிக்கட்டு, ஸ்கேலின் தடுப்பில் முட்டி நிற்கவேண்டும். மிக நீளமான இறகின் நுனி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் படிக்கிறோம்.

இனிமேல்தான் சிக்கல். இறக்கை இயல்பிலேயே கொஞ்சம் குவிந்து வளைந்திருக்கும். அந்த வளைவை அப்படியே விட்டு அளந்தால் ஓர் எண். கட்டைவிரலால் லேசாக அழுத்தித் தட்டையாக்கினால் சற்றுக் கூடும். தட்டையாக்கி, இறகுகளின் பக்கவாட்டு வளைவையும் நேராக்கினால் இன்னும் கூடும். ஒரு சின்னானின் எண்பத்துச் சொச்சம் மில்லிமீட்டர் இறக்கையில் முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்விடும். ஆண் பெண் வித்தியாசமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

அமெரிக்காவில் முதல் முறை அதிகம், ஐரோப்பாவில் மூன்றாவது. மூன்றாவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறைவாக வருவதால் நான் அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். எதை எடுத்தாலும் சரி, எந்த முறை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வலது இறக்கை என்றால் எப்போதும் வலதுதான்.

4. "ஒரே ஒரு அளவுதான் எடுக்க முடியும்னா எதை சார் எடுக்கட்டும்?"

பறவை எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் கால். டார்சஸ் என்று சொல்லும் பகுதி, விரல்களுக்கு மேலே குச்சி மாதிரி தெரிவது. மேல் மூட்டின் பின்புறத்துப் பள்ளத்திலிருந்து, விரல்கள் பிரியும் இடத்துக்கு முன்னுள்ள கடைசி முழுச் செதில் வரை அளப்பது வழக்கம். அது எலும்பு, சிறு பறவைகளில் குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பும் சமயத்திலேயே ஏறக்குறைய முழு நீளம் வந்துவிடும். அப்புறம் மழை, வெயில், பட்டினி எதற்கும் மாறாது. இறக்கையும் வாலும் அப்படி இல்லை. இறகு நுனி ஆண்டு முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும், ஆண்டுக்கொருமுறை புதிதாக முளைக்கும்.

ஒரு குறை உண்டு. சிறு பறவையின் கால் இருபது மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். அதில் 0.3 மி.மீ. பிசகினால் ஒன்றரை சதவீதம் போயிற்று. காலிப்பரை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்து, மூன்று தடவை அளந்து சராசரி போடுங்கள்.

5. "எடை போட்டா போதாதா? அதுதானே லேசு?"

லேசுதான். பையில் போட்டு நிறுத்து, பறவையை எடுத்தபின் வெறும் பையை நிறுத்துக் கழிக்கவேண்டும். பறவை உள்ளே எச்சமிட்டிருக்கும் என்பதால் பையின் எடையை முன்னாலேயே பார்த்து வைப்பதில் பயனில்லை.

ஆனால் காலையில் நிறுத்த பறவையும் மாலையில் நிறுத்த அதே பறவையும் ஒரே எடை காட்டாது. இரவெல்லாம் பட்டினி கிடந்து விடியலில் இளைத்திருக்கும், பொழுது சாயும்போது இரையும் கொழுப்புமாக ஏறியிருக்கும். சிறு பறவைகளில் இந்த ஏற்ற இறக்கம் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை போகலாம். வயிற்றில் முட்டை இருக்கும் பெட்டை இன்னும் கனம். ஆகவே நேரம் எழுதாத எடையை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது.

கொழுப்பையும் பார்க்கலாம். தொண்டைக்குக் கீழே இறகை வாயால் மெல்ல ஊதினால் தோல் வழியே கவட்டை எலும்பின் குழி தெரியும். அதில் மஞ்சளாகத் திரண்டிருப்பது கொழுப்பு. நம் காட்டிலேயே ஆண்டு முழுக்க இருக்கும் பறவைகளில் அந்தக் குழி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். குளிர்காலத்துக்கு இமயமலைப் பக்கமிருந்து வந்து போகும் கதிர்க்குருவிகளில், ஊர் திரும்பும் பங்குனி வாக்கில் நிறைந்திருக்கும்.

6. "அலகை ஆளாளுக்கு ஒரு எடத்துலேர்ந்து அளக்காங்களே, எது சரி?"

மூன்று தொடக்கப் புள்ளிகள் உண்டு: மண்டையோட்டில் அலகு சேரும் இடம், நெற்றி இறகு தொடங்கும் இடம், மூக்குத் துளையின் முன்விளிம்பு. இரண்டாவதை ஒதுக்கிவிடலாம், இறகு உதிர்ந்திருந்தால் அலகு நீண்டுவிடும்! மூக்குத் துளையிலிருந்து எடுப்பதுதான் தெளிவாக இருக்கும். அந்தத் துளைக்கு நேராகவே அலகின் உயரத்தையும் அகலத்தையும் எடுத்துவிடலாம்.

அலகின் உறை நம் நகத்தைப் போலவே வளர்ந்து தேய்வது. தின்னும் இரை மாறினால் நீளம் லேசாக மாறும். உயரம் அவ்வளவாக மாறாது, விதை உடைக்கும் வலு அதில்தான் இருக்கிறது. கலாபகசுத் தீவுக்கூட்டத்தின் டாப்னே மேஜர் தீவில் 1977-ல் வறட்சி வந்து சின்ன விதைகள் தீர்ந்துபோனபோது, கடினமான விதையை உடைக்க முடிந்த தடித்த அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அளந்து காட்டிய அந்த மாற்றம் சராசரியில் சுமார் அரை மில்லிமீட்டர். "அரை மில்லிமீட்டருக்கா இந்தப் பாடு?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

7. "பாவம்லா? கையில பிடிச்சா செத்துப் போயிராதா?"

ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். பயிற்சி உள்ளவர்கள் கையில் காயமும் சாவும் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று வெளிநாடுகளில் பெரிய கணக்குகள் எடுத்திருக்கிறார்கள். அந்த எண் தானாக வந்ததில்லை. வலையை இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது, மழை தூறினால் உடனே சுருட்டுவது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பறவையை அளக்காமலே விட்டுவிடுவது, இதெல்லாம் செய்தால்தான் அந்தக் கணக்கு. நோட்டில் ஒரு வரி காலியாகக் கிடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

8. "எங்க தோப்பு மலையடிவாரத்துல இருக்கு. நானே வலை கட்டி அளக்கலாமா?"

கூடாது. சொந்தத் தோப்பாக இருந்தாலும் கூடாது. காட்டுப் பறவையைப் பிடிக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆய்வுக்கான அனுமதியை மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் தரவேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நுழையவே தனி அனுமதி. கீழே கிடக்கும் இறகைக்கூடச் சட்டைப்பையில் போட்டு வரக்கூடாது.

9. "பிடிக்காம அளக்க வழியே இல்லையா? என்ட்ட 600 எம்எம் லென்ஸ் இருக்கு."

மில்லிமீட்டர் கிடைக்காது, விகிதம் கிடைக்கும். பறவை சரியாகப் பக்கவாட்டில் நிற்கும்போது எடுத்த படத்தில் அலகு தலையில் எத்தனை பங்கு, வால் உடம்பில் எத்தனை பங்கு என்று அளக்கலாம். தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலும் அலகு குட்டையாகிவிடும் என்பதால் பாதிக்குமேல் படங்களைத் தள்ளத்தான் வேண்டியிருக்கும். அழகான படமும் அளக்கத் தோதான படமும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

வயது, பால், இறகு மாற்றம் பார்க்க உங்கள் படங்கள் மிகவும் உதவும். அரசவால் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் முதலில் செம்பழுப்பாக, குட்டை வாலோடு இருக்கும். பிறகு ஒரு சாணுக்கு மேல் வால் நீளும். சில ஆண்டு கழித்து உடம்பு வெள்ளையாகும். எந்தத் தேதியில் எந்தக் கோலத்தில் இருந்தது என்று படத்திலிருந்தே எழுதிவிடலாம். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பறவையின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தால் அதுவும் பயன்தான். எடுத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள், காரணம் 8-ல் இருக்கிறது.

10. "ஒரே பறவையை நானும் என் ஃப்ரெண்டும் அளந்தோம். எனக்கு 84, அவளுக்கு 82. யாருது சரி?"

இரண்டும் சரியாக இருக்கலாம். நீங்கள் இறக்கையை நேராக்கியிருப்பீர்கள், அவர் வளைவோடு விட்டிருப்பார். தப்பு எங்கே வரும் என்றால், நீங்கள் மலைமேல் காக்காச்சியிலும் அவர் கீழே முண்டந்துறையிலும் தனித்தனியே அளந்து, "மேலே உள்ள பறவைக்கு இறக்கை 2 மி.மீ. நீளம்" என்று அறிக்கை எழுதும்போதுதான். அந்த 2 மி.மீ. பறவையிடம் இல்லை, உங்கள் இருவர் கட்டைவிரலில் இருக்கிறது.

வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இருபது பறவைகளையாவது, முதல் எண்ணைப் பார்க்காமல், ஒவ்வொருவரும் இரண்டு தடவை அளக்கவேண்டும். எண்ணைச் சொல்வது ஒருவர், எழுதுவது இன்னொருவர். மொத்த வேறுபாட்டில் பறவைக்குப் பறவை உள்ளது எவ்வளவு, அளவுக்கு அளவு உள்ளது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் கையின் லட்சணம் தெரிந்துவிடும்.

சிகாகோ நகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் மோதிச் செத்த வலசைப் பறவைகளை 1978 முதல் 2016 வரை சேகரித்த தொகுப்பு ஒன்று உண்டு. 52 இனங்கள், எழுபதாயிரத்துக்கும் அதிகமான பறவைகள். ஃபீல்டு அருங்காட்சியகத்தின் டேவிட் வில்லார்ட் என்ற ஒரே மனிதர் அளந்தது. கால் 2.4 சதவீதம் குட்டையாகி, இறக்கை 1.3 சதவீதம் நீண்டிருப்பதாக 2020-ல் அதிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இவ்வளவு சின்ன மாற்றத்தை நம்ப முடிவதற்குப் பெரிய காரணம், நாற்பது ஆண்டும் கை மாறவில்லை என்பதே.

11. "சின்னான்ல ஆணும் பொண்ணும் பாக்க ஒண்ணு போலத்தானே இருக்கு, எப்படிப் பிரிப்பீங்க?"

பெரிய இருவாச்சியில் சிரமமே இல்லை: ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. தேன்சிட்டிலும் நிறமே காட்டிக்கொடுக்கும். சின்னான், சிலம்பன் வகைகளில் கண்ணால் பிரிக்க முடியாது. அடைகாக்கும் காலத்தில் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரிவது ஓர் அடையாளம். சில இனங்களில் ஆணுக்கும் அது வரும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. உறுதியான வழி, ஒரு சொட்டு ரத்தத்தில் மரபணுச் சோதனை.

அது இல்லாமல் இறக்கை நீளத்தை வைத்து "85-க்கு மேல் ஆண்" என்று கோடு போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் பிரித்துவிட்டு, பிறகு "ஆணுக்கு இறக்கை நீளம்" என்று முடிவு எழுதினால், போட்ட கோட்டைத்தானே திரும்ப எடுத்திருக்கிறீர்கள்?

12. "எத்தனை பறவை அளந்தா போதும்? கைடு பத்துன்னு சொல்லுதாரு."

எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வயதும் பாலும் ஒன்றான பறவைகளில் இறக்கை நீளம் சராசரியிலிருந்து இரண்டு மூன்று சதவீதம் சிதறுவது இயல்பு. எடை அதைவிடக் கூடுதலாகச் சிதறும். இரண்டு இடத்துப் பறவைக்கும் பத்து சதவீத வித்தியாசம் என்றால் பத்துப் பத்து போதும். இரண்டு சதவீதம் என்றால் இடத்துக்கு நாற்பது ஐம்பதாவது வேண்டும், அதுவும் ஆண் தனி, பெண் தனி.

உலகப் பறவைகள் அனைத்தின் அளவுகளையும் திரட்டி 2022-ல் அவோநெட் என்ற தொகுப்பு வந்தது. 11,000 இனங்கள், 90,000-க்கும் மேற்பட்ட பறவைகள். பிரமாண்டம்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள், இனத்துக்கு எட்டோ ஒன்பதோதான் வருகிறது. குக்குறுவானையும் கரிச்சானையும் ஒப்பிட அது அருமை. முண்டந்துறைச் சின்னானையும் காக்காச்சிச் சின்னானையும் ஒப்பிட அதில் ஒன்றும் கிடையாது. அந்த வேலையை இங்கேதான் செய்யவேண்டும்.

13. "குளிர்ல இருக்க பறவை பெருசா இருக்கும்னு படிச்சேன். அப்ப மாஞ்சோலைப் பறவை முண்டந்துறைப் பறவையைவிடப் பெருசா?"

1847-ல் பெர்க்மன் சொன்ன விதி அது. உடம்பு பெருத்தால் பருமனோடு ஒப்பிடத் தோல் பரப்பு குறைவு, சூடு குறைவாகவே வெளியேறும். முண்டந்துறை சுமார் 200 மீட்டர் உயரம், காக்காச்சி 1,200-க்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வாக்கில் குளிர்ச்சி. ஆக, கேள்வி நியாயமானதுதான். மஞ்சள்புருவச் சின்னான் அடிவாரத்துப் பசுமைக் காட்டிலிருந்து மேலே வரைக்கும் இருப்பதால், பார்க்கத் தோதான பறவையும் கையில் இருக்கிறது.

ஆனால் வெப்பமண்டல மலைகளில் இந்த விதி எல்லா இனத்திலும் ஒழுங்காக நிற்பதில்லை. அதோடு நம் மலையில் உயரம் ஏறினால் குளிர் மட்டுமா மாறுகிறது? கீழே கோடையில் காய்ந்து கிடக்கும் காடு, மேலே இரண்டு பருவமழையும் கொட்டும் சோலை. இரை வேறு. கூடு கட்டும் மாதம் கொஞ்சம் முன்பின்னாகும், அதனால் இறகு மாற்றமும் முன்பின்னாகும். ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலும் அளந்தால், கீழே புதிய இறகு, மேலே தேய்ந்த இறகு என்று அமையக்கூடும். இதனால்தான் 4-ல் காலை அளக்கச் சொன்னேன். காலும் பெரிது, இறக்கையும் பெரிது, எடையும் கூடுதல் என்று மூன்றும் சேர்ந்து சொன்னால் நம்பலாம்.

14. "கூர்மையான எறக்கை, வட்டமான எறக்கைன்னு சொல்லுதாங்களே, அதுக்கு அளவு உண்டா?"

உண்டு. மடக்கிய இறக்கையில், உள்பக்க இறகுத் தொகுதியின் முதல் இறகு நுனியிலிருந்து மிக நீளமான வெளியிறகின் நுனி வரை அளக்கவேண்டும். அதை இறக்கை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். நாளெல்லாம் வானத்தில் திரியும் உழவாரனுக்கு அது மிக அதிகம். புதரடியில் தத்தித் திரியும் சிலம்பனுக்குக் குறைவு. குட்டையான, வட்டமான இறக்கை. புதருக்குள் சட்டென்று திரும்ப அது நல்லது, பள்ளத்தாக்கைத் தாண்டத் தோதில்லை.

15. "நீலகிரிச் சிரிப்பானும் நம்ம அசம்பு மலைச் சிரிப்பானும் ஒண்ணுதானே? பேரை மட்டும் மாத்திட்டாங்களா?"

செங்கோட்டையிலிருந்து கொல்லம் ரயில் போகும் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெற்கே அகத்தியமலை, அசம்பு மலைத்தொடர். வடக்கே பெரியாறு, அதற்கப்பால் பழனி, ஆனைமலை, பாலக்காட்டுக் கணவாய் தாண்டி நீலகிரி. சோலைச் சிரிப்பான்களும் ஷோலாகிளி என்னும் சின்னஞ்சிறு நீலப் பறவைகளும் பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்கு மேலேயே வாழ்பவை. வெயில் காயும் தாழ்வான கணவாயில் இறங்கி மறுபக்கம் ஏறுவது அவற்றுக்கு ஆகாத காரியம், 14-ல் சொன்ன இறக்கையும் அதற்கு இடம் தராது.

இந்தப் பறவைகளுக்கு 2017-ல் மான்டெசிங்லா, ஷோலிகோலா என்று இரண்டு புதிய பேரினங்கள் வகுக்கப்பட்டன. கணவாய்க்குத் தெற்கே உள்ள சிரிப்பான் தனி இனமாக நிற்கிறது. அங்குள்ள ஷோலாகிளிக்கு அப்போதுதான் அறிவியல் பெயரே வைத்தார்கள். நம் சிரிப்பானுக்கு வெள்ளைப் புருவம் குட்டை, நெஞ்சு சாம்பல். நீலகிரிப் பறவைக்கு அடிப்பாகம் செம்பழுப்பு. ஸ்கேலை மட்டும் வைத்துப் பார்த்தால் இவை ஒன்றோடொன்று கலந்துதான் நிற்கும். மரபணுவும் பாட்டும் நிறமும் அளவும் சேர்ந்து சாட்சி சொன்னதால்தான் பிரித்தார்கள். அளவு அதில் ஒரு சாட்சி, அவ்வளவே.

16. "நிறத்தை எப்படி அளப்பீங்க? அது கண்ணால பாக்கதுதானே?"

ஒளி அளக்கும் கருவியை இறகின்மேல் வைத்து, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று எடுப்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவைப் பறவைகள் பார்க்கும் என்பதால் கண்ணை நம்பி எழுதுவதில் பாதி விட்டுப்போகும். கருவி இல்லாவிட்டால் சாம்பல் அட்டையைப் பக்கத்தில் வைத்து நிழலில் படம் எடுங்கள். காக்காச்சி மூட்டத்தில் எடுத்த படத்தையும் பாபநாசம் வெயிலில் எடுத்ததையும் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

17. "மியூசியத்துல நூறு வருசத்துப் பறவைத் தோல் இருக்குல்லா, அதையும் இப்ப அளந்ததையும் வச்சு ஒப்பிடலாமா?"

ஒப்பிடலாம், திருத்தம் போட்டு. மும்பையில் 1883-ல் தொடங்கிய இயற்கை வரலாற்றுச் சங்கத்திலும் இங்கிலாந்தில் டிரிங் அருங்காட்சியகத்திலும் தென்னிந்தியப் பறவைத் தோல்கள் நிறைய உண்டு. தோல் காயும்போது இறக்கை ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் வரை சுருங்கும். அதைக் கணக்கில் கொள்ளாமல் ஒப்பிட்டால், "நூறு ஆண்டில் இறக்கை நீண்டுவிட்டது" என்று அழகான ஒரு பொய் கிடைக்கும். காலெலும்பு அவ்வளவு சுருங்காது. நிறம் வெளிறும். பழைய சீட்டில் எடை எழுதியிருப்பது அபூர்வம்.

அப்புறம், அந்தக் காலத்தில் சுட்டுச் சேகரித்தவர்கள் நல்ல நிறத்தோடு வளர்ந்த ஆணாகப் பார்த்துச் சுட்டிருக்க வாய்ப்புண்டு. இன்றைய வலையில் குஞ்சும் கிழமும் எல்லாம் விழும்.

18. "வலையில விழாத பறவைக்கு என்ன கணக்கு?"

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. மிஸ்ட் நெட் என்னும் நம் மெல்லிய வலை தரையிலிருந்து இரண்டரை மூன்று மீட்டர் வரைதான் நிற்கும். முப்பது மீட்டர் உயர மரத்தின் உச்சியில் பழம் தின்னும் இருவாச்சியோ பச்சைப்புறாவோ நம் நோட்டுக்குள் வருவதே கடினம். அதனால் "காட்டுப் பறவைகள்" என்று தலைப்புப் போடும்போது, உண்மையில் நாம் அளந்தது காட்டின் அடித்தளத்துப் பறவைகளை என்று சேர்த்து எழுதுவது நியாயம். ஓர் இனத்துக்குள்ளும் இந்த ஓரவஞ்சனை உண்டு. அனுபவமில்லாத இளம் பறவைகள் கூடுதலாக மாட்டும்; இளம் பறவைக்கு இறக்கை குட்டை.

19. "வெயில் கூடுறதால பறவையெல்லாம் சிறுத்துட்டு வருதாமே, நம்ம காட்டுலயும் அப்படியா?"

செய்தியில் வந்தது பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே உள்ள அமேசான் காட்டில் செய்த ஆய்வு. 2021-ல் வெளியானது. வலசை போகாத 77 இனங்கள், நாற்பது ஆண்டு, 15,000-க்கும் மேற்பட்ட பறவைகள். எல்லா இனத்திலும் சராசரி எடை குறைந்திருந்தது, பலவற்றில் பத்தாண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதம். 61 இனங்களில் இறக்கை நீண்டிருந்தது. மனிதன் கைபடாத காட்டின் நடுவிலேயே இது நடந்தது என்பதுதான் கவனிக்கவேண்டியது.

நம் காட்டைப் பற்றி அதே வாக்கியத்தைச் சொல்ல, அதே மாதிரி நாற்பது ஆண்டு அளவு வேண்டும். அமேசானில் நடந்ததால் இங்கேயும் நடந்திருக்கும் என்று மேடையில் பேசலாம், ஆய்வேட்டில் எழுதமுடியாது. இன்று ஒழுங்காக எடுத்து வைக்கும் நோட்டு, பின்னால் ஒருவருக்குத் தொடக்கப் புள்ளியாக இருக்கும்.

20. "சீனியர் ஒருத்தர் எடுத்த அளவெல்லாம் எக்செல்ல இருக்கு சார். யாரு அளந்தா, எப்படி அளந்தாங்கன்னு ஒண்ணும் எழுதல. தூக்கிப் போடவா, வச்சுக்கவா?"

வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அளவோடு மட்டும் கலக்காதீர்கள். அளந்தது ஒரே ஆள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால், அந்தக் கோப்புக்குள்ளேயே ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிடலாம். முறை எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே முறைதானே. கால் அளவுப் பத்தியை உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், இறக்கையை வேண்டாம். நேரம் இல்லாத எடைப் பத்தியை ஓரமாக வையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. ஒவ்வொரு பத்தியிலும் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணுங்கள். காலிப்பரில் படித்த அளவு என்றால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாக வரவேண்டும். பாதிக்குமேல் 0-விலும் 5-லும் முடிந்தால், கணிசமான அளவுகளைச் சாதாரண ஸ்கேலில் கண்திட்டத்துக்குப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பத்தியில் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தேடவேண்டாம்.